பன்னிரண்டு அடித்தால் பூஜ்யம்: ஒரு திட்டச் செயலியோடு என் குடித்தனம்

திட்டமிடும் செயலிக்குப் பாதி விலை என்று அறிவிப்பு வந்தாலும் வந்தது, ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். "நீதான அதைக் கட்டிக்கிட்டு அழற, வாங்கலாமா வேணாமா?" என்று ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கும் நம்ம கிராணி மச்சான் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. அதனால் நீட்டியே எழுதிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம். இந்த வகையில் எதை எடுத்தாலும் வேலை ஒன்றுதான். பெரிய இலக்கு ஒன்றை எழுதினால் வாரவாரியாக நறுக்கித் தரும். இருபத்தைந்து நிமிடக் கடிகாரம் ஓடும். அன்றைக்குப் படித்தால் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி விடாமல் தொடர்ந்தால் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்தான் என் வயிற்றெரிச்சல்.

என் இலக்கு பாய்லர், அதாவது நீராவிக் கொதிகலன், ஓட்டுவதற்கான முதல் நிலைச் சான்றிதழ். மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் இரண்டாம் நிலைச் சான்றிதழோடு பாய்லர் பார்க்கிறேன். எழுத்துத் தேர்வு உண்டு, வாய்மொழித் தேர்வும் உண்டு. ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை.

மில் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுத்த பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் போய்விடும். அதனால் காய்ப்பு அதிகமாகும் செப்டம்பர், அக்டோபரில் மில் இரவும் பகலும் ஓடும். இரவு ஷிப்டில் ஏழு மணிக்கு ஏறினால் மறுநாள் காலை ஏழுக்குத்தான் இறக்கம். நடுவில் சாப்பாட்டு நேரம் கிடைக்கும், அதுவும் சான்றிதழ் உள்ள மாற்றாள் வந்து பாய்லரைக் கையேற்றால்தான். அவர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் நம் சாப்பாடும் படிப்பும் தள்ளிப்போகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். திங்கள் இரவு ஷிப்டில் மாற்றாள் ஒரு மணிக்கு வருகிறார். கேன்டீனில் உட்கார்ந்து படிக்கிறேன். நள்ளிரவு தாண்டிவிட்டதால் செயலிக்கு அது செவ்வாய். செவ்வாய் இரவு பதினொன்றரைக்கே வந்துவிடுகிறார். படிக்கிறேன், அதுவும் செவ்வாய்தான். புதன் இரவு மறுபடி ஒரு மணி, செயலியில் வியாழன். மூன்று ராத்திரியும் ஒழுங்காகப் படித்தவன் நான். திரையில் செவ்வாய்க்கு இரண்டு புள்ளி, புதனுக்கு ஒன்றுமில்லை, எண் பூஜ்யம். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. அழுகிற மேகம் ஒன்றைப் போட்டு, "மனம் தளராதீர்கள், நாளை புதிதாய்த் தொடங்கலாம்!" என்று ஆறுதல் வேறு. பாய்லர் சூட்டில் நின்றுவிட்டு வந்தவன் இதைப் பார்த்தால் போனைத் தூக்கி அடிக்கத் தோன்றுமா தோன்றாதா?

எண்ணைக் கண்டுகொள்ளாதே என்பார்கள். கண்டுகொள்ளாமல் இருக்க முடியாதபடிதானே அதை நட்டநடுவில் பெரிதாக வைத்திருக்கிறார்கள்! நாள் தொடங்கும் நேரத்தை நாமே குறித்துக்கொள்ள ஒரு வசதி கொடுங்கள் என்று எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அடுத்த அப்டேட்டில் மேகத்துக்குக் குடை கொடுத்திருந்தார்கள்.

நள்ளிரவு என்ன, சாமி வகுத்த நேரமா? 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியத் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) நேரம் அதேதான், இருட்டு மட்டும் கூடிப்போனது என்று அப்பா இன்னும் சொல்வார். ஒரு நாட்டுக்கே நள்ளிரவை நகர்த்த முடிந்திருக்கிறது, எனக்கு ஒரு பட்டன் வைக்க முடியவில்லை.

கடைசியில் வழியை நானே கண்டுபிடித்தேன். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்று சும்மா கிடந்தது. சிம் இல்லாமல் அதில் செயலியைப் போட்டு, நேரத்தை லண்டனுக்கு மாற்றிவிட்டேன். இங்கே இரவு ஏழு என்றால் கோடையில் அங்கே பகல் பன்னிரண்டு. இங்கே காலை ஏழுக்கு ஷிப்டு இறங்கும்போது அங்கே சரியாக நள்ளிரவு. ஒரு ராத்திரி முழுக்க ஒரே தேதிக்குள் அடங்கிவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் நமக்கு எட்டு மணி வரை நேரம் கிடைக்கும், அது கூடுதல் வரவு. பகல் ஷிப்டு வாரத்திலும் தொல்லை இல்லை. வீட்டுக்காரம்மாதான், "லண்டன் துரை எழுந்தாச்சா, பசியாற வாங்க" என்று கேலி பண்ணுகிறார்.

திட்டிக்கொண்டே போனால் அநியாயம். இதில் ஒரு சங்கதி இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. ஒரு பாடத்தைத் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கும். முடித்ததும் நிஜமாக ஆனதைப் பக்கத்தில் எழுதி வைக்கும். கேஜ் கிளாஸ், அதாவது பாய்லரில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய், அதன் சோதனைக்கு அரை மணி என்று போட்டேன். தினமும் செய்கிற வேலை, எந்தக் குழாயை முதலில் மூடுவது, எதைத் திறந்து ஊதிவிடுவது என்று கைக்குத் தெரியும். ஆனால் அதைத் தேர்வாளர் முன் மலாயில் வரிசை மாறாமல் சொல்ல வேண்டுமே! வாய் திக்கித் திக்கி, மூன்று மாலைகள் போயின. அடுத்து சேஃப்டி வால்வு பாடத்துக்கு அரை மணி என்று நான் போட்டபோது, போன தடவை இப்படித்தான் சொன்னீர்கள் என்று பழைய கணக்கை எடுத்துக் காட்டியது. முகத்தில் அடித்த மாதிரி இருந்தாலும் நியாயம்தான். தன் வேலைக்கு ஆகும் நேரத்தை மனுஷன் குறைத்தே போடுவான் என்று உளவியல் அறிஞர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதியிருக்கிறார்களாம், செயலியின் குறிப்பில் படித்தேன். அதற்கப்புறம் என் வாரத் திட்டத்தில் பாதியை வெட்டினேன். மீதிப் பாதி நடந்தது. எழுத்துத் தேர்வை அவசரமில்லாமல் போய் எழுதியதற்கு இது ஒன்றே காரணம்.

சரி, தீர்ப்பு. மச்சான், உனக்கு எட்டு மணி ஆபீஸ், ராத்திரி பத்துக்குத் தூக்கம். நான் சொன்ன தொல்லை எதுவும் உன் பக்கம் வராது, நேரக் கணக்கு மட்டும் லாபமாகக் கிடைக்கும். இருந்தாலும் வாங்காதே. அந்த மேகத்தை வரைந்தவனுக்கு நம் ரிங்கிட் ஒன்றுகூடப் போகக் கூடாது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன், அதுவும் மனமில்லாமல். நான் பாதி விலைக்குப் புதுப்பித்தது வேறு விஷயம். வாய்மொழித் தேர்வு பாக்கி இருக்கிறது, என் கணக்கெல்லாம் அதற்குள் கிடக்கிறது. நீ பேச்சுக் கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால் ஆண்டுச் சந்தாவாக எடு, தானாகப் புதுப்பிக்கும் பட்டனை அன்றைக்கே அணைத்துவிடு.