மழையில் ஒரு சைக்கிள் ஓட்டம், வெள்ளவத்தையில் ஒரு கொத்து

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற கடை. பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன். ஜூலையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் காட்டுகிற கடை கொழும்பில் கிடைப்பதே பெரிய விஷயம். பிரான்சில் பின்னேரம் 5.30 அளவில் முடிகிற ஓட்டம் நமக்கு இரவு 9 மணி, சாப்பாட்டுக்குச் சரியான நேரம்.

அன்று அங்கேயும் மழை, இங்கேயும் மழை. பல நாள் பந்தயத்தில் அன்றைய ஓட்டம் மலை ஏறாத சமதரைக் கட்டம்; இரண்டு பேர் முன்னால் பிரிந்து போக, பின்னால் வந்த பெருங்கூட்டம் அவர்களைக் கயிறு கட்டின மாதிரி ஒரே தூரத்தில் வைத்திருக்க, மூன்று மணித்தியாலம் மழைக்கோட்டும் முதுகும்தான் பார்த்தோம். "அண்ணை, கிரிக்கெட்டைப் போடுங்கோ" என்று பின்மேசையில் ஒரு தம்பி. "பொறடா, ரோட்டு வெள்ளைக் கோட்டில வழுக்குவாங்கள்" என்றார் இன்னொருவர். ஈரத்தில் வீதிப் பெயின்ட் சவர்க்காரம் மாதிரி என்பது உண்மைதான், ஆனால் ஒருவரும் விழவில்லை. படம் உறைந்தபோதெல்லாம் கடை வைஃபையைத் திட்டினோம். பாவம் அது: மோட்டார் சைக்கிள் கமராவின் படம் ஹெலிகொப்டர், விமானம் வழியாகத்தான் வருகிறது, வானிலை கெட்டால் அதுவும் கெடும்.

கோழிக் கொத்து அருமை, குழம்பு தனியாகக் கேட்டாலும் முகம் சுழிக்கவில்லை. பிளேன்டீ மட்டும் ஆறிப்போய் வந்தது. கடைசி மூன்று கிலோமீற்றருக்குக் கடையே எழும்பி நின்றது. அந்த நேரம் பார்த்து பில்லோடு திரைக்கு முன்னால் வந்து நின்றதற்கு அரை நட்சத்திரம் வெட்டு. ஐந்துக்கு மூன்றரை.