லினக்ஸின் தானியங்கி நியூமா பேலன்சிங்: ஒரு மதிப்புரை

இரண்டு பிராசசர் சாக்கெட்டுகள் உள்ள சர்வரில் ரேம் முழுவதும் ஒரே தொலைவில் இருப்பதில்லை. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. மற்றதன் பகுதியை எட்ட வேண்டுமானால் இடையிலுள்ள இணைப்பைக் கடக்க வேண்டும். இந்த அமைப்புக்குத்தான் நியூமா என்று பெயர்; சாக்கெட்டும் அதன் அருகிலுள்ள ரேமும் சேர்ந்தது இங்கே ஒரு நோடு. நியூமாசிடிஎல் கருவி காட்டும் தொலைவு அட்டவணையில் சொந்த நோடுக்கு 10 என்றும், அடுத்த நோடுக்குப் பெரும்பாலும் 20 அல்லது 21 என்றும் இருக்கும். ஆகவே எந்தக் கோர் (பிராசசரின் கணக்கிடும் அலகு) வேலையின்றி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அதில் ஒரு திரெட்டை (நிரலின் தனித்து ஓடும் இழையை) ஏற்றிவிடும் ஷெட்யூலர், அந்தத் திரெட்டின் தரவு எங்கே கிடக்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டால், அது செய்யும் உபகாரமே தாமதமாக முடியும்.

இந்தக் குறையைத் தீர்க்க 2012இல் லினக்ஸ் உருவாக்குநர்களான ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலியும் பீட்டர் சிஜ்ல்ஸ்ட்ராவும் தனித்தனி வழிகளை முன்வைத்தனர். இருவரின் கருத்துகளையும் தழுவி மற்றோர் உருவாக்குநரான மெல் கோர்மன் இந்தத் தானியங்கி பேலன்சிங்குக்கு அமைத்த அடித்தளம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2013இல் வந்த 3.8 பதிப்பில் சேர்ந்தது. ஆனால் நம்பிப் பயன்படுத்தும் தரம் 2014 தொடக்கத்தில் வெளிவந்த 3.13இல்தான் வாய்த்தது என்பது என் கருத்து.

இதன் வேலைமுறை நுட்பமானது. கெர்னல் ஒரு புராசஸின் (ஓடும் நிரலின்) நினைவகத்தைச் சிறிது சிறிதாக, இயல்பு அமைப்பில் ஒரு தடவைக்கு 256 எம்பி அளவில், எட்ட முடியாததாகக் குறித்து வைக்கிறது. திரெட் அதில் ஒரு பக்கத்தை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டை, தொட்டதும் கெர்னலை அழைக்கும் ஒரு ஃபால்ட் எழுகிறது. எந்தப் பக்கத்தை எந்த நோடிலிருந்து தொட்டார்கள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடுகிறது. இவ்வாறு சேரும் கணக்கில் எந்த நோடு மேலோங்குகிறதோ அதுவே அந்தத் திரெட்டின் விருப்ப நோடாகிறது. அங்கே காலியான கோர் கிடைத்தால் திரெட் குடிபெயர்கிறது. கிடைக்காவிட்டால், இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்து ஆதாயம் இருக்கும்போது, அங்கு ஓடும் இன்னொரு திரெட்டோடு இடம் மாற்றிக்கொள்கிறது. நான் மிகவும் மதிப்பது இந்த இடமாற்றத்தைத்தான். திரெட்டை நினைவகத்தின் பக்கம் நகர்த்துவது, நினைவகத்தைப் பெயர்த்து எடுத்து வருவதைவிடப் பெரும்பாலும் மலிவானது. பக்கங்களை நகர்த்தும்போதும் நிதானம் இருக்கிறது: பொதுவாக ஒரே நோடிலிருந்து அடுத்தடுத்து இருமுறை ஃபால்ட் வந்தாலன்றிப் பக்கம் இடம் மாறாது.

நீண்ட நேரம் ஓடி, ஒவ்வொரு திரெட்டும் தன் பங்கு தரவையே திரும்பத் திரும்பத் தொடும் கணக்கீட்டு வேலைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கெர்னல் தன் நினைவகக் கணக்குகளைக் காட்டும் விஎம்ஸ்டாட் கோப்பில் நியூமா ஃபால்ட்டுகளின் மொத்த எண்ணிக்கையையும், அவற்றில் உள்ளூர் நோடில் நிகழ்ந்தவற்றின் எண்ணிக்கையையும் சற்று இடைவெளி விட்டு ஒப்பிட்டால், இரண்டும் நெருங்கி வருவதைக் காணலாம். நெருங்காமல், இடம் பெயர்ந்த பக்கங்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால், கெர்னல் வீணாக உழைக்கிறது என்று பொருள்.

எல்லாத் திரெட்டுகளும் பொதுவாகத் தொடும் பெரிய பஃபர் பூல் (தரவை ரேமில் வைத்திருக்கும் பகுதி) கொண்ட டேட்டாபேஸில் அதுவே நடக்கக்கூடும். அங்கே எந்த நோடும் தெளிவாக மேலோங்காது. ஃபால்ட்டுகளின் சுமைதான் மிஞ்சும். மையெஸ்கியூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபிக்கு, நினைவகத்தை எல்லா நோடுகளிலும் மாறி மாறிப் பரப்பும் இன்டர்லீவ் அமைப்பு தனியாக இருப்பது இத்தகைய பகிர்ந்த நினைவகத்துக்காகத்தான். சில விநாடிகளில் முடியும் வேலைகளுக்கும் இதனால் பெரிய பயனில்லை, ஏனெனில் நினைவகத்தைக் குறித்து வைக்கும் ஸ்கேன்களுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளியே இயல்பாக ஒரு விநாடி.

என் உண்மையான மனக்குறை ஒன்றே. கெர்னல் அமைப்பிலுள்ள இதன் சுவிட்ச் இயந்திரம் முழுவதற்கும் பொதுவானது. டேட்டாபேஸும் கணக்கீட்டு வேலையும் ஒரே சர்வரில் ஓடும்போது, ஒன்றுக்கு வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டாம் என்று அந்த இடத்தில் சொல்ல வழியில்லை. அத்தகைய சர்வரில் டேட்டாபேஸை நியூமாசிடிஎல் மூலம் ஒரு நோடில் கோரோடும் நினைவகத்தோடும் பிணைத்துவிட்டு, மற்றவற்றுக்காகப் பேலன்சிங்கை இயக்கத்திலேயே வைத்திருப்பதைப் பரிந்துரைக்கிறேன். எல்லா வேலைகளும் ஏற்கெனவே பிணைக்கப்பட்டிருந்தால், மதிப்பைப் பூஜ்யமாக்கி இதை அணைத்துவிடலாம்.