இரண்டு சமையல் தராசு, ஒரு பலகை: நிறைமையம் நடத்த நான் நம்பும் கருவி

மும்பை செம்பூரில் வீட்டிலேயே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். நிறைமையம், அதாவது ஒரு பொருளின் நிறை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, பற்றிய பாடம் வரும்போது சில வருடங்களாக நான் மேசையில் எடுத்து வைப்பது ஒரே செட்: 5 கிலோ வரை காட்டும் இரண்டு டிஜிட்டல் சமையல் தராசு, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான பிளைவுட் பலகை, இரண்டு முக்கோண மரக்கட்டை. கடையில் விற்கும் லேப் கிட்டும் பார்த்தாயிற்று, போனில் ஓடும் சிமுலேஷனும் பார்த்தாயிற்று. இந்தச் செட்டை மாற்ற எனக்கு மனமில்லை.

அமைப்பு எளிது. ஒவ்வொரு தராசின் மேலும் ஒரு கட்டையைக் கூர்விளிம்பு மேலே வரும்படி வைக்க வேண்டும். இரண்டு விளிம்புகளுக்கும் இடையே சரியாக 60 செ.மீ. பலகையைக் கிடத்தி, இரண்டு தராசையும் பூஜ்யமாக்கிவிட்டால் பலகையின் எடை கணக்கிலிருந்து போய்விடும். பிறகு எதை வைத்தாலும் அதன் பங்கு மட்டும்தான் தெரியும். கிரிக்கெட் பேட்டை வைக்கிறோம். இடது தராசு 480, வலது 720 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இடது விளிம்பைப் பொறுத்த திருப்புத்திறன் (எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் சுழற்றும் விளைவு) 720 × 60 = 43,200 கிராம்-செ.மீ. மொத்த நிறை 1,200. வகுத்தால் 36. இடது விளிம்பிலிருந்து 36 செ.மீ. தள்ளி பேட்டின் நிறைமையம் இருக்கிறது. பேட்டை விரல்மேல் வைத்து உடனே சரிபார்த்துவிடலாம்.

தராசு உண்மையில் உணர்வது விசையைத்தான், திரையில் மட்டும் கிராமாகக் காட்டுகிறது. ஒரு மேசைக்குள் புவியீர்ப்பு முடுக்கம் எங்கும் ஒன்றுதான் என்பதால் அது இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது. ஈர்ப்பு மையமும் (மொத்த எடையும் செயல்படும் புள்ளி) நிறைமையமும் இங்கே ஒரே புள்ளியாவது அதனால்தான். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எனக்கு இந்தச் செட் மேல் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் கழித்தல் குறி. 600 கிராம் பொருளை வலது விளிம்புக்கும் வெளியே, இடது விளிம்பிலிருந்து 70 செ.மீ. வரும்படி வைத்துப் பாருங்கள். வலது தராசு 700 காட்டும், இடது தராசு மைனஸ் 100 காட்டும். “ஆன்ட்டி, 600 கிராம் வெச்சா எப்படி 700 வரும்?” என்று எல்லா பேட்சிலும் ஒரு பிள்ளை கேட்கும். கூட்டிப் பார்க்கச் சொல்வேன்: 700, மைனஸ் 100, மொத்தம் 600. பலகையின் இடது முனை கொஞ்சம் தூக்கப்படுகிறது, அவ்வளவுதான். திருப்புத்திறனுக்குக் குறி உண்டு என்பதைப் போர்டில் எழுதி நான் புரியவைத்ததே இல்லை. அந்தத் திரையைப் பார்த்தபின் யாருக்கும் மறுபடி சொன்னதும் இல்லை. ஓட்டை போட்ட தட்டுக் கணக்கும் அதற்குப் பிறகு சுலபமாகிறது. 12 செ.மீ. ஆர வட்டத்தில், மையத்திலிருந்து விளிம்பு வரை தொடும் 6 செ.மீ. ஆர ஓட்டை என்றால், ஓட்டையின் திருப்புத்திறனைக் கழித்து, மிச்ச நிறையால் வகுக்க, நிறைமையம் எதிர்ப்பக்கம் 2 செ.மீ. நகர்ந்திருக்கும்.

இன்னொரு பயன், முள்ளங்கி. நிறைமையத்தில் வெட்டினால் இரண்டு பக்கமும் சம எடை என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நல்ல கூம்பான முள்ளங்கியாகப் பொறுக்கி, சமநிலைப் புள்ளியில் வெட்டி, இரண்டு துண்டையும் தராசில் போடச் சொல்வேன். தடித்த துண்டு தெளிவாகவே கனமாக இருக்கும். சரியான கூம்பாக இருந்தால் நிறைமையம் அடிப்பக்கத்திலிருந்து உயரத்தின் கால் பங்கில். அங்கே வெட்டினால் நுனித்துண்டு 64-இல் 27 பங்கு, அடித்துண்டு 37 பங்கு. சமமாக இருப்பது திருப்புத்திறன்தான், நிறை அல்ல. கேரட்டிலும் வரும், ஆனால் சிறியது என்பதால் வித்தியாசம் சில கிராமுக்குள் அடங்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு. தராசின் நுண்மை 1 கிராம். ஒரு கிலோ பொருளுக்கு ஒரு கிராம் பிசகினால் இடத்தில் வரும் பிழை 0.6 மி.மீ.தான், 50 கிராம் பொருளுக்கு அதுவே 1.2 செ.மீ. ஆகிவிடும். லேசான தட்டைப் பொருளுக்கு இந்தச் செட் உதவாது. அதற்கு நூல்குண்டுதான் (நுனியில் கனம் கட்டிய நூல்) சரி. பொருளை இரண்டு இடங்களில் தொங்கவிட்டு நூல் போகும் வழியே கோடு போட்டால், கோடுகள் வெட்டும் புள்ளியில் நிறைமையம் கிடைத்துவிடும். அட்டையில் மட்டும் செய்யாதீர்கள். நம் ஊர் ஜூலை மழையில் அட்டை ஈரம் குடித்து வளைந்துபோகிறது. அக்ரிலிக் ஷீட் நிற்கிறது. 15 செ.மீ. சதுரங்கள் மூன்றைச் சேர்த்த ‘ட’ வடிவத் தட்டு வெட்டி வைத்திருக்கிறேன். கணக்குப்படி இரண்டு நீள விளிம்புகளிலிருந்தும் 12.5 செ.மீ. வரவேண்டும், நூலும் அங்கேயேதான் வந்து விழுகிறது.

பெரிய தொல்லை, தராசு தானாக அணைந்துகொள்வது. பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடும். திரும்பப் போட்டால் மேலே இருக்கும் எல்லாவற்றையும் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாங்கும்போது இந்த வசதியை நிறுத்திவைக்க முடிகிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள், பலகை அகலமானது என்பதால் காற்றுக்கு எண் ஆடும்.

அடுத்து மூன்றாவது தராசு ஒன்று வாங்கப்போகிறேன். தட்டை மூன்று முனைகளில் தாங்கினால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நிறைமையத்தை ஒரே அளவீட்டில் எடுத்துவிடலாம்.