சின்ன கார், கனமான மூட்டை: எட்டு வருஷ அனுபவம்

2017-ல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோபிப் பக்கம் தோட்டத்து வீடு எங்களுடையது. செக்குக்குத் தேங்காய், கோயமுத்தூரில் இருக்கும் மகளுக்கு அரிசியும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும், நோம்பி என்றால் அம்மிச்சியிலிருந்து பேரன் வரைக்கும் ஒரே வண்டியில். எல்லாவற்றையும் இது சுமந்திருக்கிறது.

முதல் இரண்டு வருஷம் இடத்தைப் பார்த்துத்தான் ஏற்றினேன். டிக்கி மூடினால் சரி என்ற கணக்கு. அதை மாற்றியது திம்பம் மலை. தாளவாடியில் மச்சான் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பெரியவர்கள் ஐந்து பேர், மடியில் ஒரு பையன், டிக்கியில் 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை இரண்டு, அதன்மேல் பூண்டும் முட்டைக்கோசும். 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கியிருப்போம். கருகல் வாசனை வந்தது, பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. ஹேண்ட்பிரேக்கையும் முதல் கியரையும் வைத்து ஓரமான இடத்தில் நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் மிதி பழையபடி இறுகியது. அந்த அரை மணி நேரம் பையன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் மெக்கானிக் தம்பி கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்ணா, இடம் இருக்குதுன்னு ஏத்திப்போட்டீங்க, எடை பாத்தீங்களா?”

கையேட்டை எடுத்துப் பார்த்தோம். காலி எடை 825 கிலோ, முழுச்சுமையோடு 1,340. ஆளும் பொருளும் சேர்த்து 515 கிலோதான் அனுமதி. நாங்கள் வந்ததைக் கூட்டினால் ஆட்களே 355, உருளை 100, பூண்டும் கோசும் 40, பைகள் 25. மொத்தம் 520. மீறியது ஐந்தே கிலோ. ஆனால் சாமான்களில் பாதிக்கு மேல் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் குவிந்திருந்தது. டயரில் காற்று 29 psi-தான் இருந்தது, பிரேக் ஆயிலை வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. அந்த ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் கொதித்துக் குமிழி விடும், மிதி அமுங்கிவிடும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். இப்போது திம்பத்தில் இரண்டாவது கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் விட்டு விட்டுத்தான் தொடுகிறேன். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். மடியில் ஆள் வைப்பதை அன்றோடு விட்டாயிற்று. ஆறாவது ஆளுக்குப் பெல்ட் கிடையாது, அவ்வளவுதான்.

காற்று விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முழுச்சுமை ஏற்றினால் பின்பக்க டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள். டயர் ஆறியிருக்கும்போது, கிளம்பும் முன் அடிப்பது நல்லது. டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியீட்டு எண் 81 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 462 கிலோ தாங்கும் என்று பொருள், அதுவும் காற்று சரியாக இருந்தால் மட்டும்.

மூட்டையைக் கீழே படுக்கவைத்துப் பின் சீட்டை ஒட்டி அடுக்குகிறேன். சீட் முதுகின் உயரத்தைத் தாண்டவிடுவதில்லை. பின்னால் ஆள் இல்லாவிட்டாலும் பெல்ட்டை மாட்டிவிடுகிறேன், சீட் முதுகுக்கு அது ஒரு பிடிமானம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதினால், கட்டாத பொருள் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகத்தில் முன்னால் வரும். பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கிக்கு மேலிருக்கும் பார்சல் தட்டில் உருளும் ஒரே ஒரு தேங்காயே போதும். அதனால் அங்கே எதையும் வைக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஹெட்லைட். பின்புறம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை ஒரு திருகு இருக்கிறதே, அது இதற்குத்தான். நான்கு வருஷம் தெரியாமலேயே ஓட்டினேன்.

காயில் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் ரப்பர் பஃபரை ஒரு கடையில் மாட்டிவிட்டார்கள். வண்டி தூக்கி நின்றதே தவிர, பிரேக்கும் டயரும் அதே பழையவைதானே. ஸ்பீடு பிரேக்கரில் முதுகு வலி எடுத்ததுதான் மிச்சம். கழற்றிவிட்டேன். கூரைக் கேரியர் வாங்கவே இல்லை. உயரத்தில் எடை ஏறினால் வளைவில் வண்டி சாய்வது நன்றாகத் தெரியும்.

78,000-ல் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து மாற்றினேன். ஸ்பிரிங் இன்னும் பழசேதான். லிட்டருக்கு 18 தருகிற வண்டி முழுச்சுமையில் 14-தான் தருகிறது. இப்போது தாளவாடி உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை என்றால் ஒன்று எங்களோடு வரும், மற்றொன்றை மச்சான் சரக்கு வண்டியில் போட்டுவிடுவார்.