மூலை பிரிக்க டாட் புராடக்ட்: பல வருடம் ஓட்டிய பிறகு

கோயமுத்தூரில் கணபதி பக்கம் லேசரில் தகடு வெட்டுகிற பட்டறை எங்களுடையது. வருகிற டிராயிங்கை மெஷினுக்கு ஏற்றும் முன் ஒவ்வொரு மூலையும் குறுங்கோணமா, செங்கோணமா, விரிகோணமா என்று ஒரு சின்ன நிரல் பிரித்துவிடும், ஏனென்றால் கூரான மூலையில் சூடு தேங்கித் தகடு கருகும், அங்கே லேசரின் பவரைக் குறைத்தே ஆக வேண்டும். இதற்குப் பல வருடமாக டாட் புராடக்ட்தான், அதாவது இரண்டு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல், பிளஸ் ஒன்னில் படித்த அதே சங்கதி.

இதில் கோணத்தையே கண்டுபிடிக்க வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மூலையின் இரண்டு பக்கங்களையும் (எக்ஸ், ஒய்) என்று நீளமும் திசையும் உள்ள வெக்டராக எழுதி, எக்ஸை எக்ஸோடும் ஒய்யை ஒய்யோடும் பெருக்கிக் கூட்டினால் பிளஸ் வந்தால் குறுங்கோணம், மைனஸ் வந்தால் விரிகோணம், பூஜ்ஜியம் என்றால் செங்கோணம். (3, 4), (4, −3) என்றால் 12 − 12, வேலை முடிந்தது.

தலைவலி அந்தப் பூஜ்ஜியத்தில்தான். தசமக் கணக்கில் சுத்தமான பூஜ்ஜியம் சுலபத்தில் வராது, சரி, 0.001-க்குள் இருந்தால் செங்கோணம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் பட்டறைக்கு ஆகாது. (1200, 0), (1, 800) என்று இரண்டு பக்கம், மில்லிமீட்டரில். பெருக்கிக் கூட்டினால் 1200! செங்கோணத்துக்குப் பக்கத்திலேயே இல்லாத மாதிரி இருக்கும். இரண்டு நீளங்களாலும் வகுத்துப் பாருங்கள், 0.00125, அதாவது 89.93 டிகிரி, மூலைமட்டம் வைத்துப் பார்க்கிற ஃபிட்டர் அண்ணன் ஒரு குறையும் சொல்ல மாட்டார். ஆகவே நீளத்தால் வகுத்த பிறகுதான் வரம்பு, 0.1 டிகிரி வரை விடலாம் என்றால் 0.00175 போதும்.

இரண்டு வெக்டரும் மூலையிலிருந்தே கிளம்ப வேண்டும், லேசர் போகிற போக்கில் எடுத்தால் குறுங்கோணமும் விரிகோணமும் இடம் மாறிவிடும். அப்புறம், ஒரே புள்ளி இரண்டு முறை பதிந்த டிராயிங்குகள் வந்துகொண்டேதான் இருக்கும். அங்கே பக்கத்தின் நீளம் பூஜ்ஜியம், பெருக்கலும் பூஜ்ஜியம், நிரல் அதைச் செங்கோணம் என்று சாதிக்கும். முதலில் அதைக் கழித்துவிடுங்கள்.

60 டிகிரியும் 300 டிகிரியும் டாட் புராடக்டுக்கு ஒன்றுதான். மூலை உள்ளே மடங்குகிறதா, வெளியே நீட்டுகிறதா என்று தெரிய கிராஸ் புராடக்டின் (எக்ஸையும் ஒய்யையும் குறுக்கே பெருக்கிக் கழிப்பது) குறியைப் பார்க்க வேண்டும். டிகிரியே வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால் ஆர்க்காஸ் (கொசைன் மதிப்பிலிருந்து கோணம் எடுப்பது) பக்கம் நான் போவதில்லை, கொடுக்கிற மதிப்பு 1-ஐ ஒரு துளி தாண்டினாலும் அது பிழை என்று நின்றுவிடும். கிராஸ், டாட் இரண்டையும் ஏடேன்2-க்குக் (இரண்டு எண்களிலிருந்து கோணம் சொல்லும் நிரல் கட்டளை, atan2) கொடுத்துவிடுவேன்.