ஜவ்வாது மலை ட்ரெக்னு பணம் வாங்குறவங்க கிட்ட உஷாரா இருங்க

வேலூர், காட்பாடி, ஆரணி பக்கம் இருக்கறவங்க இத தயவுசெஞ்சு முழுசா படிங்க. போன ஐப்பசில நடந்தது, இன்னும் மனசு ஆறல.

இன்ஸ்டால ரீல் பாத்துட்டு நானும் தங்கச்சியும் அவ கூட வேலை செய்ற ரெண்டு பொண்ணுங்களும் தலைக்கு 1,600 ரூபா ஜிபே பண்ணோம். பாரஸ்ட் பர்மிஷன், மலை தெரிஞ்ச கைடு, சாப்பாடு, ரெயின்கோட் எல்லாம் அதுல அடக்கம்னு வாட்ஸ்அப்ல எழுதியே அனுப்பினாங்க, அந்த மெசேஜ் எங்கிட்ட பத்திரமா இருக்கு.

புது பஸ் ஸ்டாண்டுல வேன் ஏறும்போது நல்ல வெயில். அமிர்தில எறங்குனதும் பர்மிஷன் எங்கன்னு கேட்டேன், கைடா வந்த பையன் ஒரு சீட்ட தூக்கி காட்டிட்டு உடனே மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கினான். அத வாங்கி படிச்சிருக்கணும். அது அங்க இருக்கற ஜூவுக்கு என்னிக்கோ எடுத்த நுழைவுச் சீட்டாம், சாயந்திரம் தான் தெரிஞ்சுது.

முகட்டுக்கு போறப்ப மணி பதினொண்ணு. மேகம் எறங்குச்சு பாருங்க, பத்து நிமிஷத்துல முன்னாடி போறவங்க முதுகு கூட தெரியல, அப்புறம் இடியும் மின்னலுமா கொட்ட ஆரம்பிச்சுது, 14 பேருக்கு 5 ரெயின்கோட்டு, அதுவும் பிச்சா கையோட வர பிளாஸ்டிக். அந்த பையன் எல்லாரையும் ஒத்தையா நிக்கிற ஒரு மரத்தடிக்கு கூப்புடுறான்! மின்னல் வெட்றப்ப முகட்டுல, அதுவும் தனி மரத்தடில நிக்கவே கூடாது, நாங்க தான் கத்தி எல்லாரையும் பள்ளத்து பக்கமா எறக்கினோம்.

காத்தால கணுக்கால் நனைய தாண்டுன ஓடை திரும்பி வரப்ப இடுப்பளவு செந்தண்ணி, கட்டையெல்லாம் அடிச்சிக்கினு வருது. கைய கோத்துக்கினு எறங்கலாம்ன்றான். நீ இங்க எத்தினி வாட்டி வந்திருக்கன்னு கேட்டா, இது ரெண்டாவது வாட்டிக்கா, நான் மெட்ராஸுன்றான். டவரும் இல்ல. சாமை கொல்லைல இருந்த ஒரு பெரியவர் தான் ஓடி வந்து, "யம்மா, மாடே எறங்காது இதுல, நீங்க எறங்குறீங்களே, மழ உட்டாலும் மேல பேஞ்சது இன்னும் வரும்"னு தடுத்து, வேற வழியா மூணு மணி நேரம் நடத்தி கொண்டாந்து உட்டாரு. பணம் குடுத்தோம், தொடவே இல்ல. அவர் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே கை நடுங்குது.

கீழ வந்ததும் பாரஸ்ட்காரங்க புடிச்சாங்க. அவங்க கோவம் நியாயம் தான். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல ட்ரெக் போனவங்க எத்தினி பேர் போய்ட்டாங்க. பர்மிஷன் இல்லாம ஏறுனா நாம மேல இருக்கறதே யாருக்கும் தெரியாது, தேடியும் வர மாட்டாங்க. 2024லேர்ந்து வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடுனு 40 பாதைக்கு ஆன்லைன்ல புக்கிங் வச்சிருக்கு, உள்ளூர் மலை ஜனங்களே கைடா வராங்க. அத பாருங்க. இல்ல தனியார் கூட தான் போறீங்கன்னா, பர்மிஷன்ல உங்க தேதி, பாதை பேர், எத்தினி பேர்ன்றத கைல வாங்கி படிச்சிட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

காசு கேட்டதுக்கு "வெதர் எங்க கைல இல்ல"னு ஒரே பதில், அப்புறம் பிளாக். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல புகார் குடுத்திருக்கேன். நேத்து அவங்க அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு புது போஸ்ட் போட்டிருக்காங்க, அதுல முன்னாடி சிரிச்சிக்கினு நிக்கிறது என் தங்கச்சி, மழைக்கு முன்னாடி எடுத்த போட்டோ.