வாவிக் கதைக்கு ஒரு மனவரைபடம்: ஆறு மாதம் ஃப்ரீப்ளேனோடு

ஞாயிறு பின்னேரங்களில் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் பாத்திரங்களாகி என்ன செய்வதென்று முடிவெடுத்துப் பகடை உருட்டும் விளையாட்டு இது. கதையை நடத்துவது நான். விதிகள் அந்த விளையாட்டினுடையவை, கதை எங்கள் ஊருடையது. 1638, ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த வருடம். மீன் பாடுவதாகச் சொல்லப்படும் எங்கள் வாவியில், கதைப்படி, அந்தப் பாட்டு திடீரென்று நின்றுபோகிறது.

முதலில் எல்லாவற்றையும் சீ.ஆர். கொப்பியில்தான் (தடித்த பெரிய கொப்பி) எழுதினேன். போடியாருக்கு (ஊரின் பெரிய நிலக்காரர்) எந்த இரகசியம் தெரியும் என்று பக்கம் புரட்டித் தேடுவதற்குள் விளையாட்டின் சூடு ஆறிவிடும். அப்புறம்தான் ஃப்ரீப்ளேனுக்கு மாறினேன். நடுவில் ஒரு எண்ணத்தை வைத்து அதிலிருந்து கிளைகள் விரிக்கும் மனவரைபடத்தை வரைவதற்கான இலவச மென்பொருள், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நடுவில் "மீன் ஏன் பாடவில்லை?" என்று எழுதி, கோட்டை, கண்ணகி கோயில், போடியார் வீடு, ஓடத்துறை என்று கிளைகள் விட்டேன்.

இதன் அருமை தெரிந்தது மூன்றாவது வாரம். எல்லோரும் கோட்டைக்குள் போவார்கள் என்று அந்தக் கிளையை மட்டும் இருபது முனை (ஒவ்வொரு குறிப்பும் ஒரு முனை) வரை வளர்த்து வைத்திருந்தேன். அவர்கள் போனது ஓடக்காரனிடம். அவனுக்கு நான் எழுதியிருந்தது ஒரே வரி: "துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து, மறுநுனியில் காதை வைத்துக் கேட்பான்." அவன் என்ன கேட்டான் என்று விடாமல் விசாரித்தார்கள். டாப் விசையை அழுத்தினால் கிளை, என்டரை அழுத்தினால் பக்கத்தில் இன்னொன்று. அவர்கள் பகடை உருட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு ஒரு மகள், ஒரு கடன், கோட்டைச் சமையற்காரனோடு ஒரு பழக்கம் எல்லாம் வந்துவிட்டன. அவனிலிருந்து கோட்டைக் கிளைக்கு ஒரு அம்புக்குறி இழுத்தேன். நான் கட்டிவைத்த இருபது முனையும் வீணாகவில்லை, வேறு வாசல் கிடைத்தது.

ஸ்பேஸ் விசையால் கிளைகளை மடித்து வைக்கலாம். அன்றைக்கு வேண்டியது மட்டும் கண்ணில் படும்.

குறையும் உண்டு. இது கணினிக்கானது, போனை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வரைபடத்தைத் திருத்தவும் முடியாது. பார்க்கப் பழைய மென்பொருள் போலத்தான் இருக்கும். ஆனால் கதை நடத்துபவருக்கு வேகம்தான் வேண்டும், அது இதில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கிளைகளுக்குப் பெயர் வைக்காமல் கேள்வி வையுங்கள். "ஓடத்துறை" என்பதை "ஓடக்காரன் யாருக்குப் பயப்படுகிறான்?" என்று மாற்றிய பிறகுதான் எனக்கு அடுத்த இரண்டு வாரக் கதையும் கிடைத்தது.